முட்டைக்குப் பங்காளி கிடையாது

எனக்குக் கோபம் வந்தால் காது மடல் சூடாகிவிடும். அன்றைக்கு டாக்டர் பரணிதரன் அறையில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு காதும் கொதித்தன. எதிரே ஒட்டன்சத்திரம் பக்கத்து முருங்கைத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர், அண்ணன் அகிலன், தம்பி நிதிஷ். தம்பியின் மனைவி ஓவியா சுவரோரம் கிடந்த நாற்காலியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு முன்னால் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. வா, வந்து உட்கார் என்று அவளை யாரும் கூப்பிடவில்லை. முட்டை அவளுடையது, கருப்பை அவளுடையது, பேச்சு மட்டும் ஆம்பளைகளுடையது.

நான் ஜெசிந்தா. திண்டுக்கல்லில் இருக்கும் இந்தக் குழந்தைப்பேறு மருத்துவமனையில் லேப் என் பொறுப்பு. முட்டையையும் விந்தணுவையும் சேர்த்துவைத்துக் கருவாக்கித் தருவதே என் பிழைப்பு. நிறைய பேர் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு வந்தவர்களும் கும்பிட்டார்கள், ஒரு கட்டு முருங்கைக்காயும் கொண்டுவந்திருந்தார்கள்.

"சார், இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் அகிலன். "பொறக்கப்போற ஒரே பிள்ளைக்கு நாங்க ரெண்டு பேருமே அப்பாவா?"

"ரத்தத்துலயும் அப்பா, சட்டத்துலயும் அப்பா," என்றார் டாக்டர். "போன வருஷமே சட்டம் வந்துருச்சு. இந்த மாவட்டத்துல இதைச் செய்யறது நம்ம ஆஸ்பத்திரி மட்டுந்தான்."

"இயற்கையில அப்படி நடக்காதா சார்?" நிதிஷ் அந்த அறையில் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். விளக்கம் சொல்வது என் வேலை, பெயர் வாங்குவது அவர் வேலை.

"நடக்காது," என்றேன். "முட்டையைச் சுத்தி கண்ணாடி மாதிரி ஒரு உறை இருக்கு. அதுல கொக்கி கொக்கியா இருக்கும். விந்தணு அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள நுழைய முடியும். முட்டைத் தோலுக்கு உள்பக்கமா பொடிப்பொடிப் பைங்க ஒட்டிக்கிட்டு இருக்கும். முதல் விந்தணு நுழைஞ்சதும் அந்தப் பைங்க எல்லாம் உடைஞ்சு, உள்ள இருக்கிற சாறு வெளிய வந்து, அந்தக் கொக்கியை அறுத்துப் போட்டுரும். உறையும் இறுகிப்போயிரும். அப்புறம் லட்சம் பேர் வந்தாலும் வழுக்கிட்டுப் போகவேண்டியதுதான்."

"அடேயப்பா! எதுக்கு இம்புட்டுக் கெடுபிடி?" அகிலன் சிரித்தார்.

"ரெண்டு பேர் நுழைஞ்சா கரு செத்துப்போயிரும். அம்மா பங்கு ஒண்ணு, அப்பா பங்கு ஒண்ணு, அவ்வளவுதான் கணக்கு. மூணாவதா ஒரு பங்கு வந்தா, செல் பிரியறப்ப ஆளுக்கொரு பக்கமா இழுத்துக் கிழிச்சிருவாங்க."

"பங்காளிச் சண்டைன்னு சொல்லுங்க!"

டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அதைத்தான் நாங்க தீர்த்துவைக்கிறோம். முட்டை கதவைச் சாத்தாம இருக்க ஒரு மருந்து இருக்கு. திறப்பான்னு நானே பேர் வெச்சேன். அதைப் போட்டா அந்தப் பைங்க உடையாது, ரெண்டு பேரும் உள்ள வந்துரலாம். வந்ததும் நம்ம மெஷின் அண்ணன்கிட்ட பாதி, தம்பிகிட்ட பாதி பொறுக்கி எடுத்து ஒரே அப்பா பங்காக்கிரும். மிச்சத்தைத் தள்ளிரும். கரு ஜம்முனு வளரும்."

அகிலன் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அவர் கதையை அவரே சொன்னார். விவசாயம் பார்க்கிற மாப்பிள்ளை என்றதுமே பெண் வீட்டார் காபியைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போயிருக்கிறார்கள். தரகர்கள் கேரளா வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டார்கள். தலை நரைத்த பிறகு அவரே வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஆனால் அப்பா காலத்தில் பங்காளிகளோடு வரப்புக்காக நடந்த வழக்கு, தன் தலைமுறையிலும் வரக்கூடாது என்று நினைக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே வாரிசு, ஒரே தோட்டம், துண்டு போடவேண்டிய பேச்சே இல்லை. கேட்கக் கேட்க எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

பிறகு அவர் திரும்பி, "ஓவியா, தண்ணி கிண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டுமா வேண்டாமா என்று அந்த ஆட்டலில் தெரியவில்லை.

சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. முட்டை தரும் பெண்ணைத் தனியறையில் வைத்து, லேப் பொறுப்பாளர் நேருக்கு நேர் சம்மதம் கேட்க வேண்டும். வெளி ஆள் யாரும் கூட இருக்கக் கூடாது. சட்டம் எழுதியவர்களுக்கு அதில் ரொம்பப் பெருமை. ஒரு பெண்ணைப் பத்து நிமிடம் தனியறையில் உட்காரவைத்தால் அவள் சுதந்திரமாகிவிடுவாள் என்று நம்புகிறவர்கள்.

"யாராவது வற்புறுத்தினாங்களா?"

"இல்ல மேடம்."

"இதுல என்ன நடக்கும்னு புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

"முழு மனசோட சம்மதமா?"

"சம்மதம் மேடம்." மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "சட்டத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். இப்ப நான் ஒண்ணு கேட்கட்டுங்களா?"

"கேளுங்க."

"ஒருத்தர் வந்தாச்சு, இனி யாரும் வேண்டாம்னு முட்டை மூடிக்கும்னீங்களே. அதுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் இல்ல. அது தானா செய்யறது."

"யாருகிட்டயும் கேட்காதா?"

"கேட்காது."

அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள். முப்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் முருங்கைப் பிசின் பட்டுக் கறுத்திருந்தது.

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன், அத்தான், கெட்டவரு இல்ல மேடம். நான் கல்யாணமாகி வந்த நாள்லருந்து என்னைத் தாயின்னுதான் கூப்பிடுவாரு. நான் இருக்கிற ரூமுக்குள்ள காலெடுத்து வைக்கமாட்டாரு. நிலைப்படியிலயே நின்னுக்கிட்டு, தாயி, மோட்டார் ரூம் சாவி எங்கன்னு கேட்பாரு. இந்த வைத்தியத்தைப் பத்திக் கேள்விப்பட்டு வந்தாரில்ல, அன்னிக்குச் சாப்பிட உட்கார்ந்தவரு, ஓவியா, சோறு போடுன்னாரு."

நான் சம்மதப் படிவத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"அவரு தப்பா ஒரு பார்வை பார்த்ததில்ல. மேல கை படல. தாயிங்கிற வார்த்தையை மட்டும் எடுத்துட்டாரு. மாமியா காதுல விழுந்துச்சு. எங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாரு, அவரு காதுலயும் விழுந்துச்சு. குழம்பை ஊத்தச் சொல்லி இலையைக் காட்டுனாரு."

என் காது மடல் எரிந்தது. "ஓவியா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த நிமிஷமே நிறுத்திருவேன். டாக்டர் குதிச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. சட்டம் உங்க பக்கம்."

"சட்டம் எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் வருமா மேடம்?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. "இங்க நிறுத்துவீங்க. அடுத்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க, அதுவும் ஆகலைன்னா கோயமுத்தூரு. நான் வேண்டாம்னா அது திமிரு. முட்டை வேண்டாம்னா அது விதி. விதின்னா எங்க வீட்ல எல்லாரும் ஒத்துக்குவாங்க."

இப்படி ஒரு வாக்கியத்தை ஒரு பெண் யோசித்து வைத்திருக்க வேண்டுமென்றால், எத்தனை நாள் அதை மனசுக்குள் போட்டு உருட்டியிருப்பாள்? எனக்கு அந்த மேசையையே கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. செல்வத்தோடு, படிப்போடு, சட்டத்தோடு இத்தனை தூரம் வந்துவிட்டோம் என்கிறார்கள். வந்து, கண்ணுக்கே தெரியாத ஒரு முட்டைக்கு இருக்கிற மரியாதை அதைச் சுமக்கிறவளுக்கு இல்லை.

"நீங்க நினைச்சா மூட வைக்க முடியுமா மேடம்?"

முடியும். அது எனக்கு நன்றாகத் தெரியும். முட்டைகளைக் குளிர்விக்கும்போது மருந்துக் கலவை கொஞ்சம் பிசகினால், உள்ளே இருக்கிற பைகள் யாரும் வராமலே உடைந்துவிடும். உறை இறுகிவிடும். புது ஆட்கள் வேலைக்குச் சேர்ந்தால் நான் முதலில் திட்டுவதே இந்தத் தவறுக்குத்தான். ஒருமுறை மூடிவிட்டால் திறப்பான் என்ன, டாக்டரே மண்டியிட்டுக் கெஞ்சினாலும் திறக்காது.

இதை அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் மனசில் இருப்பது எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் கேட்டேன்: "இல்லைன்னா ஒண்ணு பண்ணலாம். திறப்பான் போடாம, உங்க வீட்டுக்காரரோடதை மட்டும் விட்டுறட்டுமா? முட்டை தானா மூடிக்கும். பெரியவரு வெளியவே நின்னுருவாரு."

ஓவியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நான்தான் சின்னப் பிள்ளை.

"கையைப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்ததே எங்க வீட்டுக்காரருதான் மேடம். ரெண்டு பேருக்கும் சாத்துங்க."

முட்டை எடுக்கிற நாளில் அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மயக்கம் தெளிந்ததும் என்னைப் பார்த்து ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். சொன்னபடி செய்யுங்கள் என்று அர்த்தம்.

செய்தேன். டாக்டருடைய முட்டை இல்லை, அகிலனுடையதும் இல்லை, நிதிஷுடையதும் இல்லை. யாருடைய முட்டையோ அவளே கேட்டாள், நான் செய்தேன். குளிர் கலவையில் விட்டுத் திருப்பி எடுத்தபோது மைக்ராஸ்கோப்பில் எல்லாம் முன்பு போலவே உருண்டையாக, அமைதியாக இருந்தன. பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு டாக்டர் வந்து தன் கையாலேயே திறப்பானை விட்டார். அண்ணன் விந்தணு ஒரு பக்கம், தம்பி விந்தணு ஒரு பக்கம் என்று சடங்கு மாதிரி விட்டார். அவை உறையில் முட்டின, வழுக்கின, மறுபடியும் முட்டின. ஒரு மாநாட்டுக் கூட்டமே பூட்டின மண்டபத்தைச் சுற்றி வருவதுபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, முகமூடிக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் எல்லாரையும் வரச் சொல்லி டாக்டர் விஷயத்தைச் சொன்னார். முகம் சுண்டிப்போயிருந்தது. "எல்லா முட்டையும் முன்கூட்டியே மூடிக்கிச்சு. ஒருத்தரையும் உள்ள விடல. இப்படி நடக்கிறது அபூர்வம்."

"மருந்து போட்டும் திறக்கலியா?" அகிலன் குரல் உடைந்தது. "ஊசியால குத்தி உள்ள விட முடியாதா சார்?"

"ஒருத்தரோடதுன்னா விடலாம். ரெண்டு பேரோடதைக் குத்தி விட்டா முட்டை தாங்காது, பங்கு பிரிக்க முடியாது. கொஞ்சம் இருங்க, வேற வழி இருக்கான்னு பார்த்துட்டு வர்றேன்." டாக்டர் உள்ளறைக்குப் போனார்.

அகிலன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "எங்க தலையெழுத்து," என்றார். ஓவியா சொன்னது அப்படியே நடந்தது. விதி என்றதும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அவளைக் குறை சொல்லவும் இல்லை. நான் லேப்புக்குக் கிளம்பினேன். மனசு லேசாக இருந்தது.

வராந்தாவில் பின்னாலேயே செருப்புச் சத்தம் வந்தது. நிதிஷ்.

"மேடம், ஒரு நிமிஷம்." சுற்றுமுற்றும் பார்த்தான். குரலை இறக்கினான். "ரொம்ப நன்றி மேடம்."

"எதுக்கு?" என்றேன். ஓவியா சொல்லிவிட்டாளோ?

"இல்ல, நல்லவேளை அப்படி ஆச்சு. எனக்கு இதுல ஆரம்பத்துலருந்தே இஷ்டமே இல்ல மேடம். என் பொண்டாட்டி வயித்துல அண்ணன் பிள்ளைன்னா... யோசிச்சுப் பாருங்க. தூக்கமே வரல. ஆனா அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது? அப்பா மாதிரி வளர்த்தவரு. முட்டையே வேண்டாம்னுருச்சு. என் தலை தப்பிச்சுது." சிரிக்கக்கூடச் செய்தான். "ஓவியாகிட்ட சொல்லிறாதீங்க."

நான் அவனை அடிக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் என்னை நானே பாராட்டிக்கொள்கிறேன். அவள் வயிற்றில் ஊசி ஊசியாகக் குத்தவைத்து, மயக்க மருந்து கொடுக்கவைத்து, முட்டையை உறிஞ்சி எடுக்கவைத்து, இத்தனையும் ஆனபிறகு இவனுக்கு இஷ்டமில்லையாம்! தூக்கம் வரவில்லையாம்! ஒரு வார்த்தை. சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, "அண்ணே, வேண்டாம்" என்று ஒரு வார்த்தை.

"நீங்க சொல்லவேண்டியது என்கிட்ட இல்ல," என்றேன். "உள்ள போய் உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. இப்பவே."

"அதான் முடிஞ்சுபோச்சே மேடம்."

முடியவில்லை. நாங்கள் உள்ளே நுழைந்தபோது டாக்டர் மறுபடியும் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"நல்ல செய்தி," என்றார். "எடுத்த முட்டையில பாதியைத் தனியா உறைய வெச்சிருக்கோம். எல்லா கேஸ்லயும் அப்படித்தான் வைப்போம், நானே மறந்துட்டேன். இந்தத் தடவை நானே முழுசா கூட இருந்து பார்த்துக்கிறேன். மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம். அடுத்த மாசம் மறுபடி ஆரம்பிக்கலாம்."

எனக்குத் தெரியும், அந்தப் பாதியை நான்தான் பக்குவமாக உறைய வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கு அவளுக்கே வேண்டியிருக்கலாம் என்று நினைத்தேன். நல்லது செய்வதாக நினைத்து அவள் கழுத்தில் மறுபடியும் கயிற்றைப் போட்டிருக்கிறேன்.

"ஆரம்பிச்சிருங்க சார்!" அகிலன் எழுந்தே நின்றுவிட்டார். "என்னடா நிதிஷ்?"

நிதிஷ் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "சரிண்ணே," என்றான்.

ஓவியா அதே சுவரோர நாற்காலியில் இருந்தாள். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, அகிலனைப் பார்க்கவில்லை. புருஷனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிருவான் என்று காத்திருந்த மாதிரி எனக்குப் பட்டது. அவன் நிமிரவில்லை. அவள் எழுந்து வந்து, மேசைக்கு முன்னால் காலியாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முட்டை தானா மூடிக்கல," என்றாள். "நான்தான் மூடச் சொன்னேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், காது சூடு அப்போதுதான் ஆறத் தொடங்கியது.

"என்னம்மா சொல்ற?" அகிலனுக்கு மூச்சு வாங்கியது.

"எனக்கு வேண்டாம் அத்தான். ரெண்டு பேரு பிள்ளை எனக்கு வேண்டாம். அன்னிக்கே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். இப்ப சொல்றேன்."

"டேய், என்னடா இது? உன் பொண்டாட்டி என்னடா பேசுறா?"

"அவரைக் கேட்குறதுக்கு முன்னாடி நான் கேட்குறேன்." ஓவியா புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இது வேணுமா, வேண்டாமா? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா நான் உங்ககூட வீட்டுக்கு வர்றேன். ஊரே பேசட்டும், நான் பார்த்துக்கிறேன்."

இதைவிட லேசாக எவளும் எவனுக்கும் ஒரு வழி விடமாட்டாள். நிதிஷ் உதட்டை நக்கினான். வராந்தாவில் அத்தனை பேசின வாய்.

"அண்ணன் எப்படிச் சொல்றாரோ அப்படியே..." என்றான்.

"அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி வெளியில வேற சொன்னீங்களே சார்!" நான் கத்தியே விட்டேன். "தூக்கம் வரலன்னீங்களே! என் தலை தப்பிச்சுதுன்னீங்களே!"

அகிலன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்காமலே விட்டவனுடைய முகம் அது. நிதிஷ் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஓவியாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. புருஷனை இன்னொரு முறை திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"மேடம், அந்தப் பாதி முட்டை யாரு பேர்ல இருக்கு?"

"உங்க பேர்லதான். ஓவியா, க/பெ நிதிஷ்."

"க/பெயை எடுத்துருங்க."

"ஜெசிந்தா, நீங்க எங்கயும் போகக்கூடாது. முதல்ல உட்காருங்க, உங்ககிட்ட பேசணும்," என்றார் டாக்டர்.

நான் உட்காரவில்லை. ஓவியாவைக் கூட்டிக்கொண்டு லேப்புக்குப் போனேன். கம்ப்யூட்டரில் அவள் பெயரை மட்டும் அடித்தேன். கணவர் பெயர் கட்டம் காலியாக இருக்கிறது என்று திரையில் சிவப்பாக எழுத்து ஓடியது. மறுபடி அடித்தேன், மறுபடியும் அதே சிவப்பு. வேறு வழியில்லாமல் வெள்ளைத் துண்டுச் சீட்டை வெட்டி, மார்க்கர் பேனாவை அவள் கையில் கொடுத்தேன். அவள் நின்றபடியே ஓவியா என்று பெரிதாக எழுதித் தந்தாள். முட்டைகள் உறைந்திருந்த பெட்டகத்தைத் திறந்து, பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதை ஒட்டினேன்.